வாசலில் கிடந்த நீலச் செருப்பு

ஜெராக்ஸ் அக்கா நடத்தும் கூட்டங்களில் நாற்காலி கிடையாது. நாற்காலி வேண்டுமென்றால் வாடகைக் கடையில் கேட்க வேண்டும். கேட்டால், "யார் வீட்டுல விசேஷம்?" என்பார் கடைக்காரர். அவர் வாயில் விழுந்தது கவுன்சிலர் காதில் போய் விழ, ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிற நேரம் போதும். அதனால் பாய்தான். கொடியும் மைக்கும்கூடக் கிடையாது.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நகல் எடுக்கும் கடை வைத்திருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மனு, சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் என்று அந்தப் பகுதியின் கவலைகள் எல்லாம் ஒரு தடவையாவது அவளுடைய இயந்திரத்தின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்தவை. குடிநீர்க் குழாய் கேட்டு எழுதிய ஒரே மனுவுக்கு வருஷம் தவறாமல் நகல் எடுத்துக் கொடுத்துக் கொடுத்துத்தான் அவள் எதிர்க்கட்சிக்காரி ஆனாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. "அந்த மனுவை இத்தனை தடவை அடிச்சா மிஷினுக்கே கோபம் வரும். இவ மனுஷி" என்பாள் டெய்லரம்மா.

தேர்தல் அறிவித்ததும் கட்சி ஒரு தெருமுனைக் கூட்டம் போட்டுப் பார்த்தது. முன்வரிசையில் கட்சிக்காரர்கள் நின்றார்கள், பின்வரிசையில் நாய்கள். மற்ற எல்லோரும் ஜன்னலுக்குப் பின்னால் விளக்கை அணைத்துவிட்டு நின்று கேட்டார்கள். பேச்சாளர் கவுன்சிலரின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் தெருவிளக்கும் அணைந்தது. அன்றைக்குத்தான் அக்கா முடிவு செய்தாள். ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர்களைத் தெருவுக்கு இழுப்பதைவிட, நாமே ஜன்னலுக்குப் பின்னால் போய்விடுவது மேல்.

அப்படி ஆரம்பித்ததுதான் வீட்டுக் கூட்டம். வாரத்துக்கு ஒரு வீடு. மத்தியானம், ஆண்கள் வேலைக்குப் போன பிறகு. வருகிற ஒவ்வொருத்தியும் அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிவர வேண்டும். வாக்குச்சாவடிக்கு யார் யாரோடு போவது, யார் வீட்டுக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, நடக்க முடியாதவர்களுக்கு எந்த வண்டி என்பதையெல்லாம் பேசி வைப்பார்கள். ஒரு அட்டைப் பெட்டியில் பொத்தான் வரைந்து, ஓட்டுப் போடும் விதத்தையும் காட்டுவாள் அக்கா.

இந்த வாரம் டெய்லரம்மா வீடு. இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். டெய்லர் வீட்டுக்குப் பெண்கள் போவதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? சுவரோரம் தையல் இயந்திரம், கம்பியில் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள், மூலையில் வெட்டுத்துணி மூட்டை. "யாராவது கதவைத் தட்டினா எல்லாரும் எழுந்து கையைத் தூக்குங்க. நான் இடுப்பளவு எடுக்கிறேன்" என்றாள் டெய்லரம்மா. "என் இடுப்பை அளக்கிறதுக்குள்ள தேர்தலே முடிஞ்சிடும்" என்றாள் டியூஷன் டீச்சர். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. பயந்தவர்களின் சிரிப்பு அப்படித்தான், தேவைக்கு மேல் நீளும்.

அந்த வீட்டில் ஒரே ஒரு கட்டளை: செருப்பு வெளியே. டெய்லரம்மா தரையில்தான் துணி விரித்து வெட்டுவாள். வெள்ளைச் சட்டைத்துணியில் ஒரு மண் துளி பட்டாலும் அது அவள் தலையில் விடியும். "ஓட்டு யாருக்கு வேணாப் போடுங்க, செருப்பை மட்டும் வெளிய போடுங்க" என்று வாசலிலேயே நின்று ஒவ்வொருவர் காலையும் பார்த்து உள்ளே விட்டாள்.

கடைசியாக அண்ணி வந்தாள்.

அக்காவின் அண்ணன் மனைவி. சுகாதார நிலையத்தில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன்; முதுகெலும்பு நொறுங்கிப் படுக்கையோடு கிடக்கிறான். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அண்ணியின் சம்பளத்தில். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிப்பதும் விடுவதும் சுகாதார நிலையத்தின் கையில் என்று காகிதம் சொல்லும். உண்மையில் அது கவுன்சிலரின் தலையசைப்பில் இருந்தது. தெருவில் இதைத் தெரியாத ஆள் இல்லை.

தெரிந்துதான் அக்கா அவளைக் கூப்பிட்டாள். "சும்மா ஒரு ஓரமா வந்து உக்காருங்க அண்ணி. யாரு பார்க்கப்போறா?" ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளே வந்துவிட்டாள் என்றால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும் என்று ஒரு கணக்கு அவளுக்கு. அண்ணி மூன்று வாரமாகச் சாக்குச் சொல்லிவிட்டு இன்றைக்கு வந்திருந்தாள். காலை வேலை முடிந்து மாலை வேலை தொடங்குவதற்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில், சீருடையை மாற்றி, சால்வையால் தலையையும் பாதி முகத்தையும் மூடி, நேர்வழியை விட்டுச் சந்து சந்தாக வந்திருந்தாள்.

"என்னடி, கல்யாண வீடு மாதிரி கூட்டமா இருக்கு. யாரும் பார்க்க மாட்டாங்கன்னு சொன்னே."

"இவங்க எல்லாம் நம்ம ஆளுங்க அண்ணி."

"நம்ம ஆளுங்களுக்குத்தான் வாய் நீளம்" என்று முனகிக்கொண்டே வெட்டுத்துணி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அக்கா பேச ஆரம்பித்தாள். பயம் போக வேண்டுமானால் பயத்தின் முகத்தைக் காட்டிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். அதனால் போன மழைக்காலத்தில் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு ஆயாவை நீக்கிய கதையைச் சொன்னாள். ஆயாவின் மகன் எதிர்க்கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டினான். அதற்காக வேலையை விட்டு எடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. காத்திருந்தார்கள். ஒருநாள் ஆயா, கழித்துப் போட்ட கிழிந்த போர்வை ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பச்சைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிப் பொருளை வெளியாளுக்குக் கொடுத்த குற்றம். மறுநாள் வேலை இல்லை.

"காரணம் சுவரொட்டி. சாக்கு போர்வை" என்றாள் அக்கா. "சாக்கு கிடைக்கிறவரைக்கும் அவங்களால நம்மைத் தொட முடியாது. அதை மட்டும் குடுக்காம இருந்தாப் போதும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணி மட்டும் ஒன்று கேட்டாள்.

"நான் யாருக்குப் போட்டேன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

எல்லோர் தொண்டையிலும் இருந்த கேள்வி அதுதான். அக்கா அட்டைப் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தெரியாது, தெரிய வழியே இல்லை, மறைப்புக்குள்ளே நீங்களும் உங்கள் விரலும் மட்டும்தான் என்று சொல்ல வாயைத் திறந்தபோது வெளியே சத்தம் கேட்டது.

கேமரா திறந்து மூடுகிற சத்தம். கைப்பேசியில் யாரும் அணைத்து வைக்காமல் விட்டுவிடுகிற அந்தச் சின்னச் சத்தம். ஒன்று. பிறகு இன்னொன்று.

டெய்லரம்மா வாயில் விரலை வைத்தாள். அக்கா முழங்காலால் நகர்ந்து போய் ஜன்னல் திரையின் ஓரத்தை ஒரு நூலளவு விலக்கினாள்.

வாசலில் செல்ஃபி குந்தி உட்கார்ந்திருந்தான்.

கவுன்சிலரின் ஆள். யார் வீட்டில் எந்த வண்டி நின்றாலும், யார் யாரோடு பேசினாலும் படம் எடுத்துவிடுவான். தன்னைத் தவிர உலகத்தில் எல்லோரையும் எடுப்பவனுக்குத் தெரு வைத்த பெயர் அது. இப்போது அவன் எடுத்துக்கொண்டிருந்தது செருப்புகளை. இறைந்து கிடந்தவற்றை ஷூ நுனியால் நகர்த்தி ஜோடி சேர்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வரிசையாக நிறுத்தி வைத்திருந்தான். டீச்சரின் தடித்த தோல் செருப்பு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்த இன்னொன்று. நொண்டி நடக்கிற பால்காரர் மனைவியுடையது. அந்தத் தெருவில் முகத்தைப் போலவே செருப்பும் ஆளைச் சொல்லிவிடும்.

வரிசையின் கடைசியில் நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. பட்டையில் வெள்ளைப் பெயின்டில் 37 என்று எழுதியிருந்தது.

சுகாதார நிலையத்தில் துப்புரவு ஆட்களுக்குக் கொடுப்பது. திருட்டுப் போகாமலிருக்க ஆளுக்கு ஒரு எண். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அண்ணியின் சொந்தச் செருப்பு வார் அறுந்து ஒரு வாரமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. முகத்தை மூடி, சீருடையை மாற்றி, சந்து சந்தாகச் சுற்றி வந்தவள் காலை மறந்துவிட்டாள்.

செல்ஃபி அந்த ஜோடிக்கு அருகில் கைப்பேசியைக் கொண்டுபோனான். மூன்றாவது சத்தம்.

அக்கா திரையை விட்டாள். திரும்பிப் பார்த்தாள். அண்ணியின் கண்கள் தன் வெறுங்காலின் மேல் போய் நின்றிருந்தன. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னோடதுதானே?" என்றாள். குரல் வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

அக்கா எழுந்தாள். நாமே கூட்டிவந்தோம், நாமே காப்பாற்ற வேண்டும் என்பதைத் தவிர அவள் தலையில் எதுவும் ஓடவில்லை.

"நீங்க பின்வழியா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க அண்ணி. டெய்லரம்மா, உங்க செருப்பைக் குடுங்க இவங்களுக்கு. மத்தவங்க நான் போன பிறகு ஒவ்வொருத்தரா கிளம்புங்க. அவனை நான் பாத்துக்கறேன்."

"என்னடி பாத்துப்பே? என்ன சொல்லப்போறே?"

அதற்குள் அக்கா கதவைத் திறந்துவிட்டாள்.

செல்ஃபி எழுந்து இரண்டடி பின்னால் போய், ஒன்றும் நடக்காதது போலத் தன் வண்டியில் சாய்ந்துகொண்டான். அக்கா தன்னுடைய செருப்பைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய் நீலச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அண்ணியின் கால் அவளுடையதைவிடப் பெரியது. ஒவ்வோர் அடிக்கும் குதிகால் தரையில் பட்டுச் சப்பென்று அடித்தது. தெரு முழுக்க அந்தச் சத்தம்தான் கேட்பது போல இருந்தது அவளுக்கு.

வண்டி பின்னால் உறுமியது. முந்தவும் இல்லை, நிற்கவும் இல்லை. அவள் மருந்துக்கடையைத் தாண்டினாள், அதுவும் தாண்டியது. சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபடியே பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். வழக்கமாக "என்னக்கா, கடை திறக்கலையா?" என்று கேட்கிறவர். இன்றைக்குத் துணியின் மடிப்பில் ஏதோ பெரிய அதிசயம் கண்டவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே வண்டி குறுக்கே வந்து நின்றது.

"என்ன அக்கா, டெய்லர் வீட்டுல மொத்தத் தெருவும் துணி தைக்குதா?"

"பள்ளிக்கூடம் திறக்கப்போறாங்க. தைக்கத்தான் செய்வாங்க."

"தைக்கட்டும், தைக்கட்டும். உங்க அண்ணிக்குப் பள்ளிக்கூடம் போற பிள்ளை இல்லையே?"

"அவங்க எதுக்கு வரப்போறாங்க? ஆஸ்பத்திரியில இருப்பாங்க."

"அவங்க செருப்பு மட்டும் வந்துச்சா?"

அக்கா முன்னமே தயாராக வைத்திருந்ததைச் சொன்னாள். சொல்லும்போது தன் குரல் இத்தனை இயல்பாக வந்ததைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இதுவா? இது இப்ப என் செருப்பு. என்னோடது பிஞ்சுபோச்சுன்னு அண்ணி குடுத்தாங்க. ஒரு வாரமா இதைத்தான் போட்டுக்கிட்டுத் திரியறேன்."

செல்ஃபி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு காலைப் பார்த்தான். நிதானமாகக் கைப்பேசியை எடுத்து, குனிந்து, அவள் காலோடு சேர்த்து அந்த எண்ணைப் படம் எடுத்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தேடாமலே ஒன்று கையில் கிடைத்தவனின் முகம்.

"அண்ணி குடுத்தாங்க" என்று அவளுடைய வார்த்தையையே திருப்பிச் சொன்னான். "ஆஸ்பத்திரிச் சாமானை."

அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு சுகாதார நிலையம் இருக்கும் பக்கமாகப் போய்விட்டான்.

அக்கா அங்கேயே நின்றாள். தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் காலடி வரை வந்து நீல ரப்பரை நனைத்தது. காரணம் சுவரொட்டி, சாக்கு போர்வை. அரைமணி நேரத்துக்கு முன்னால் அவள் வாயால் அவளே சொன்னது. கூட்டத்துக்கு வந்ததற்காக அண்ணியை யாரும் வேலையை விட்டு எடுத்திருக்க முடியாது, முறைத்திருப்பார்கள், இழுத்தடித்திருப்பார்கள். சாக்கு அவர்களிடம் இல்லை. அதை எழுதி, அடியில் ஒப்பமும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் இவள். யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவள் போட்டது அண்ணியின் தலையில்.

கைப்பேசியை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டாள். அணைக்கப்பட்டிருந்தது. வேலைக்குள் நுழையும்போது அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது அங்கே விதி. அப்படியானால் அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்னும் சற்று நேரத்தில் யாரோ அவளிடம் கேட்பார்கள்: செருப்பை நாத்தனாருக்குக் கொடுத்தாயா? தன்னைக் காப்பாற்றத்தான் நாத்தனார் ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று நினைத்து அண்ணி ஆமாம் என்பாள். கூட்டத்துக்கு வரவில்லை என்று காட்ட அதைவிட நல்ல வழி எது? பயந்தவர்கள் கையில் கிடைத்த கயிற்றைப் பிடிப்பார்கள். அதன் மறுமுனை எங்கே கட்டியிருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள்.

ஓட ஆரம்பித்தாள். செருப்பு காலை விட்டுக் கழன்று கழன்று போனது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினால் என்ன என்று தோன்றியது. ஆஸ்பத்திரிச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற படம் ஒன்றுதான் பாக்கி என்றும் தோன்றியது. விரல்களை இறுக்கிக்கொண்டு ஓடினாள். மூச்சு முட்டியது. அண்ணன் படுத்திருக்கும் அறை நினைவுக்கு வந்தது. ஜன்னலோரக் கட்டில், தலைமாட்டில் மாத்திரை டப்பா, அண்ணி வேலைக்குக் கிளம்பும் முன் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போகும் தண்ணீர்ச் செம்பு. அவனிடம் போய் எந்த வாயால் சொல்வது?

சுகாதார நிலையத்தின் வாசலில் செல்ஃபியின் வண்டி நின்றது. என்ஜின் இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் போகும்போது காலில் அனல் பட்டது.

உள்ளே நீளமான நடைபாதை. புறநோயாளிகள் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பாதித் தரை துடைத்துப் பளபளத்தது, மீதி காய்ந்து கிடந்தது. இரண்டும் சேரும் இடத்தில் வாளியும் துடைப்பானும் கையுமாக அண்ணி நின்றாள். காலில் டெய்லரம்மாவின் பூப்போட்ட செருப்பு. எதிரே சூப்பர்வைசர். அவரும் ஒப்பந்த ஆள்தான், என்ன, சட்டை மட்டும் கொஞ்சம் வெளுப்பு. அவருக்குப் பின்னால் செல்ஃபி சுவரில் சாய்ந்து கைப்பேசியை விரலிடுக்கில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"கேக்கறதுக்குப் பதில் சொல்லும்மா" என்றார் சூப்பர்வைசர். குரலில் அதட்டல் இருந்தது. ஆனால் அவர் கண் அடிக்கடி பின்னால் போய்வந்தது. "முப்பத்தேழு உன் நம்பர்தானே? அதை உன் நாத்தனாருக்குக் குடுத்திட்டியாமே?"

"அண்ணி!" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியதில் அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

பெஞ்சிலிருந்த எல்லோரும் திரும்பினார்கள். அண்ணி அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். நீலச் செருப்பு, மண்ணும் ஈரமும் அப்பி. துடைப்பானை வாளிக்குள் நிறுத்தினாள். 

"நான் யாருக்கும் எதையும் குடுக்கலை சார்."

"உன் நாத்தனாரே சொல்றா, நீ குடுத்தேன்னு."

"அவ சொல்லுவா. அவளுக்குப் பதட்டம் வந்தா வாய்க்கு வந்ததைச் சொல்லுவா, சின்ன வயசுல இருந்தே அப்படி. நான் செருப்பை வாசல்ல விட்டுட்டு உள்ள போனேன். இவ அவசரத்துல மாத்திப் போட்டுக்கிட்டு ஓடிட்டா. இந்தப் படத்துல பாருங்க, செருப்பு வாசல்ல இருக்கும். அந்தத் தம்பிதான் எடுத்தாரு. நல்லாத்தான் எடுத்திருப்பாரு."

பெஞ்சில் யாரோ ஒரு கிழவர் 'க்கும்' என்று தொண்டையைச் செருமினார். சிரிப்பாகவும் இருக்கலாம், இருமலாகவும் இருக்கலாம்.

செல்ஃபி சுழற்றுவதை நிறுத்தினான். "எந்த வாசல்ல?" என்றான். "எங்க போனீங்க? எதுக்குப் போனீங்க?"

அக்கா மனசுக்குள் கெஞ்சினாள். வேண்டாம் அண்ணி, அளவு கொடுக்கப் போனேன் என்று சொல்லுங்கள், இடுப்பளவு, கையளவு, ஏதாவது ஒன்று. ஆனால் அந்தச் சாக்கை அண்ணி எடுக்கவில்லை. ஒரு பொய் இந்தத் தரையில் எத்தனை தூரம் வழுக்கும் என்று இப்போதுதான் பார்த்திருந்தாள்.

"டெய்லர் வீட்டுக்கு. அங்க தேர்தல் கூட்டம் நடந்துச்சு, அதுக்குப் போனேன். என் இடைவேளையில போனேன், சீருடை போட்டுக்கிட்டுப் போகலை. போகக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா சார்?"

சூப்பர்வைசர் செல்ஃபியைப் பார்த்தார். செல்ஃபி பெஞ்சைப் பார்த்தான். அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஓட்டு இருந்தது. கவுன்சிலரிடமிருந்து எடுத்து வந்த தைரியத்தில் இப்படிப்பட்ட இடத்துக்கு என்ன உத்தரவு என்று அவனுக்குத் தெரியவில்லை போலும்.

"போய் வார்டைத் துடை" என்றார் சூப்பர்வைசர் கடைசியில், தரையைப் பார்த்து. "மாசக் கடைசியில பேசிக்கலாம்."

அந்த வார்த்தையை அண்ணி வாங்கிக்கொண்ட விதத்தை அக்கா பார்த்தாள். கன்னத்தில் அறை வாங்கியவள் கையைத் தூக்காமல் நிற்பதைப் போல.

செல்ஃபி வெளியே போனான். போகும்போது அக்காவின் பக்கத்தில் ஒரு கணம் நின்று, "செருப்பு ரொம்பப் பெருசு அக்கா, பாத்து நடங்க" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவள் முதுகில் ஊர்ந்தது.

அண்ணி துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். "கழட்டுடி" என்றாள். அக்கா கழற்றினாள். அண்ணி வாளித் தண்ணீரில் அந்த ஜோடியைக் கழுவி, உதறி, காலில் போட்டுக்கொண்டாள். பூப்போட்டதை அக்காவிடம் கொடுத்தாள்.

"அண்ணி, நான் உங்களைக் காப்பாத்தணும்னுதான்..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" குரல் தாழ்ந்துதான் இருந்தது. "வரச்சொன்னதும் நீயே, போகச்சொன்னதும் நீயே, நான் என்ன செஞ்சேன்னு சொன்னதும் நீயே. இங்க நான் எதுக்குடி, செருப்புக்குக் காவலா?" மூக்கை உறிஞ்சினாள். "போ. உங்க அண்ணனுக்கு நாலு மணி மாத்திரை குடு. அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதே. நான் வந்து சொல்லிக்கறேன்."

மாதக் கடைசி வந்தது. மற்றவர்களுக்கு எல்லாம் வழக்கம்போல ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்தார்கள். அண்ணிக்கு மட்டும் ஒரு மாதம். தேர்தல் முடிந்து ஒரு வாரம் வரைக்கும் வருகிற மாதம். ஏன் என்று காகிதத்தில் எதுவும் இல்லை. சூப்பர்வைசர் மட்டும், "அதுக்கப்புறம் யாரு இருக்காங்கன்னு பாத்துக்கிட்டுப் பேசலாம்மா" என்றாராம். நீயா, நானா, அவர்களா என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை.

அந்த ஒப்பந்தத்துக்கு நகல் எடுக்க அண்ணி அக்காவின் கடைக்குத்தான் வந்தாள். தாளைக் கண்ணாடியில் வைத்து மூடும்போது அக்கா ஓரத்தைப் பார்க்கவில்லை, முதல் நகல் கோணலாக விழுந்தது. இரண்டாவதும் கோணல்.

"அடுத்த கூட்டம் எங்க?" என்றாள் அண்ணி.

"கூட்டம் இல்ல அண்ணி. யாரும் வர மாட்டேங்கறாங்க. டெய்லரம்மா வீட்டுக்கு நேத்து கவுன்சிலர் ஆளுங்க சீருடை ஆர்டரைத் திருப்பிக் கேட்டு வந்தாங்களாம். டீச்சர் போனையே எடுக்கறதில்ல."

அண்ணி நகலை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "எங்க வீட்டுல வை."

"வேண்டாம் அண்ணி."

"எனக்கு ஒரு மாசம்தான் இருக்கு. நீ வேண்டாம்னா கூட்டம் போடச்சொல்லி நான் யார்கிட்ட போய்க் கேக்கறது? அந்தத் தம்பிகிட்டயா?" என்று தெருவைப் பார்த்தாள். எதிர்ப்புறம் பேருந்து நிறுத்தத்தில் செல்ஃபி நின்றிருந்தான். பேருந்துக்கு நிற்கிறவன் போலவே நின்றான். இரண்டு பேருந்து வந்து போயிருந்தது.

கூட்டத்தன்று அண்ணன் படுத்திருக்கும் அறையிலேயே பாய் விரித்தார்கள். வந்தவர்கள் பாய் கொள்ளும் அளவுகூட இல்லை. டெய்லரம்மா வந்தாள், டீச்சர் வரவில்லை. நடைபாதையில் தொண்டையைச் செருமிய கிழவர், யார் சொல்லித் தெரிந்ததோ, மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்தார்கள். இங்கே வெட்டுகிற துணி ஒன்றும் இல்லையே. "என் வீடா இருந்தா விடுவேனா?" என்று டெய்லரம்மா சொன்னதற்கு அண்ணன்தான் சத்தமாகச் சிரித்தான். முதுகு வலிக்க வலிக்கச் சிரித்தான்.

கதவைச் சாத்தப் போன அக்கா அப்போதுதான் பார்த்தாள். வாசலில் ஒரு ஜோடி மட்டும் கிடந்தது. நீல ரப்பர். எண் தெருவைப் பார்க்கும்படி.

"அண்ணி, உங்க செருப்பு..."

"இருக்கட்டும். அது என் வீட்டு வாசல்தானே?"

உள்ளே எடுத்து வைத்துவிடலாம் என்று அக்கா குனிந்தாள். குனிந்தபடியே நின்றாள். தெருக்கோடியில் ஒரு வண்டியின் உறுமல் கேட்டது. அது நெருங்கி வந்து, வீட்டுக்கு எதிரே வேகம் குறைந்தது. கடந்து போகவும் இல்லை, நிற்கவும் இல்லை. அவள் நிமிராமல், செருப்பைத் தொடாமல், கையை இழுத்துக்கொண்டாள்.

உள்ளே அண்ணி அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "தெரியாதாம். யாருக்குப் போட்டோம்னு அவங்களுக்குத் தெரிய வழியே இல்லையாம்." சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். "அப்படித்தானேடி?"

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அப்படித்தான் அண்ணி" என்றாள். வெளியே வண்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.